சத்தம் போடாத பெட்டியும் கனிஷாயின் ஓடையும்

மலைகளுக்கு நடுவே இருக்கிற நாரின் ஊர் பஜாரில், வெளியூர் டாக்சிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே எனக்கு ஒரு பார்சல் கடை. ஊர் ஊராகப் போகிற டிரைவர்களிடம் பார்சலைக் கொடுத்தனுப்புவதும், வருவதை வாங்கி வைப்பதும்தான் தொழில். என் கடைக்கும் கனிஷாயின் கடைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர் மட்டும். அவள் அங்கே தும்மினால் எனக்கு இங்கே கேட்கும். அதனால் நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி கண்ணால் பார்த்தது, மீதி காதால் கேட்டது.

எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பஜாரில் எல்லோரும் அவளை எஜே, எஜே என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுவார்கள். நான் மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுவேன், அவளும் என்னைத் தாலாய் என்று பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். ஆள் குள்ளம், குரல் பெரிது. புருஷன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அதைப் பற்றி யாராவது துக்கம் விசாரித்தால், "குறட்டையாவது ஒழிஞ்சுதே" என்று பேச்சை முடித்துவிடுவாள். காலுறையும் கையுறையும் விற்றே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தாள்.

மூத்தவள் கல்யாணத்துக்கு ஒரு கோட்டு வாங்கினாள் பாருங்கள், அங்கேதான் எல்லாம் ஆரம்பம். ஃபோனில் படத்தைப் பார்த்து, தலைநகர் பிஷ்கெக்கில் யாரோ விற்ற நீலக் கோட்டுக்குப் பணம் அனுப்பினாள். வந்தது ஏழு வயதுப் பிள்ளைக்குப் போடுகிற கோட்டு. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதினாள். விற்றவன் அவள் நம்பரையே அடைத்துவிட்டான். கல்யாணத்தில் பழைய கோட்டோடு நின்றாள். போட்டோக்களில் எல்லாம் பின்வரிசையில்தான் இருப்பாள்.

அடுத்த வருஷம் அவளே ஃபோன் வழியாக விற்கத் தொடங்கியபோது பக்கத்தின் தலையில் எழுதி வைத்த முதல் வரி இது: "பிடிக்கவில்லையா, திருப்பி அனுப்புங்கள். பணம் அன்றே வரும். காரணம் கேட்க மாட்டேன்."

பஜாரே சிரித்தது. நானும் கேட்டேன். "காரணமே கேக்க மாட்டியா? போட்டுக் கிழிச்சுட்டு அனுப்புவாங்க, பார்த்துக்கோ."

"அனுப்பட்டும் தாலாய். கிழிச்சவன் வெக்கப்பட்டு ரெண்டாவது தடவை வரமாட்டான். வேற இடத்துல ஏமாந்தவ வந்தாள்னா, ஊரையே கூட்டிட்டு வருவா."

அப்படித்தான் ஆனது. அவளிடமிருந்து போகிற பார்சலுக்கும் திரும்பி வருகிற பார்சலுக்கும் இரண்டுக்குமே எனக்குக் கூலி என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆட்கள் அவளிடம் வந்து சேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிஷ்கெக்கில் பெண் வியாபாரிகளுக்கு நடந்த ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவள், தன் பக்கத்துக்கு ஒரு செய்தியோடை வைத்துக்கொண்டாள். அவள் ஒன்றை எழுதினால் அது அவள் பக்கத்திலேயே கிடக்காது. ஓடிப் போய், அதில் சேர்ந்திருக்கிறவர்கள் ஃபோனில் எல்லாம் தானாக விழும். மற்றவர்களும் அவரவர் பக்கத்துக்கு அதை வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட்டுக்கொள்ளலாம். காலுறை விலையை யார் திருப்பிவிட்டுக்கொள்ளப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவள் என் கடைக்கு வருகிற டிரைவர்களைப் பிடித்துக்கொண்டாள்.

"டோலோன் கணவாய் எப்படி இருக்கு? பனி தள்ளிட்டாங்களா? அட்பாஷி ரோடு?"

கேட்டதை ஓடையில் முதலில் எழுதுவாள். அதன் கீழேதான் கையுறை, பிளாஸ்க், கம்பளிக் காலுறை. குளிர்காலத்தில் எங்கள் பக்கத்தில் கணவாய் திறந்திருக்கிறதா என்பதைவிடப் பெரிய செய்தி ஏது? டாக்சிக்காரர்கள் குழு அவள் ஓடையைத் திருப்பிவிட்டுக்கொண்டது. அப்புறம் பள்ளிக்கூடங்களின் பக்கம், வானிலை போடுகிற ஒரு பக்கம், உள்ளூர் வானொலிக்காரர்கள். ரஷ்யாவில் வேலை பார்க்கிற நம் பிள்ளைகளும் சேர்ந்திருந்தார்கள், வீட்டில் பனி எவ்வளவு என்று தெரிந்துகொள்ள. அந்த ஓடை எங்கெல்லாம் போகிறது என்று அவளுக்கே தெரியாது. எனக்கும் தெரியாது.

விஷவாயு அலாரம் விற்க ஆரம்பித்தது அதற்குப் பிறகு. இங்கே எல்லோர் வீட்டிலும் கரியடுப்புதான். குழாய் அடைத்துக்கொண்டால் அடுப்பிலிருந்து வருகிற வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலை வலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். அவள் தெருவில் கல்யாணமாகி வந்த ஒரு ஜோடி அப்படிப் போய்விட்டது. அவர்களுக்குப் போர்வை விற்றவள் கனிஷாய். அந்த வாரமே அலாரப் பெட்டிகளை வரவழைத்தாள். உள்ளங்கை அகல வெள்ளைப் பெட்டி, பச்சை விளக்கு. வாயு வந்தால் காது கிழிய அலறும். லாபம் அதிகம் வைக்கவில்லை. மற்ற எதையும்விட அதுதான் அதிகம் போனது.

இரண்டாவது குளிர்காலத்தில், பெரிய பனிப்புயல் அடித்து ஓய்ந்த நேரத்தில், அட்பாஷியிலிருந்து ஒஸ்மோன் பைகே எழுதினார்; பைகே என்றால் எங்களுக்கு அண்ணன் முறை. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வாங்கிய எதிலும் குறை கண்டுபிடிக்கிற மனுஷர். முன்பு ஒருமுறை, காலுறை இரண்டில் ஒன்று அதிகம் சூடாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியவர்.

"நீ விற்ற பெட்டி தண்டம். அடுப்பு புகைந்து எனக்கு மண்டை பிளந்தது, பூனை சுருண்டு விழுந்தது. பெட்டி வாயைத் திறக்கவில்லை. பணத்தை அனுப்பு."

கனிஷாய் அப்போதே பணத்தை அனுப்பினாள். வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். இவள் ஃபோனை வைக்காமல் அதே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஸ்பீக்கரில் போட்டு அவரைக் கூப்பிட்டாள்.

"பைகே, பணம் வந்துச்சா?"

"வந்துச்சு. அதுக்கு ஒரு ஃபோனா?"

"பூனை எப்படி இருக்கு?"

"பிழைச்சுக்கிச்சு. பால் குடிக்குது."

"அந்தப் பெட்டி எனக்கு வேணும் பைகே."

"பணத்தைக் குடுத்துட்ட. இப்ப ஓட்டைப் பெட்டியும் வேணுமா? என்ன வியாபாரி நீ?"

மறுநாள் காலை அவரே டாக்சி பிடித்து வந்து இறங்கினார். மூஞ்சி கடுகடுவென்று இருந்தது. பெட்டியை மேஜையில் போட்டார். கனிஷாய் சோதனைப் பொத்தானை அழுத்தினாள். பெட்டி நன்றாகவே அலறியது. ஒஸ்மோன் பைகேயின் முகம் சிவந்துவிட்டது.

"அப்ப நான் பொய் சொல்றேன்கிறியா?"

"நான் ஒண்ணும் சொல்லலை பைகே. வாங்க பின்னாடி."

கடைக்குப் பின்னால் யாரோ விட்டுப்போன ஒரு கண்ணாடி மீன்தொட்டி கிடந்தது. கனிஷாய் என் அடுப்பிலிருந்து கனன்ற கரித்துண்டுகளை ஒரு தகர டப்பாவில் அள்ளிக்கொண்டு வந்து பனியில் வைத்தாள். பக்கத்தில் ஒஸ்மோனின் பெட்டி. இந்தப் பக்கம் போன வருஷச் சரக்கிலிருந்து அவள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்து, கழற்றிக் கொண்டுவந்த பெட்டி. மேலே மீன்தொட்டியைக் கவிழ்த்தாள். மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். சற்று நேரத்தில் பழைய பெட்டியில் சிவப்பு எரிந்தது, அலற ஆரம்பித்தது. பஜார் நாய்கள் எல்லாம் குரைத்தன. ஒஸ்மோனின் பெட்டி பச்சை விளக்கோடு அமைதியாக உட்கார்ந்திருந்தது, எல்லாம் நலம் என்பதுபோல.

அவள் தொட்டியைத் தூக்கினாள். கடைக்குள் போய் ஒஸ்மோனுடையது வந்த அதே புதுச் சரக்கில் மிச்சமிருந்த பெட்டிகளை மடியில் அள்ளிக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றாக வைத்தோம். ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. பொத்தானை அழுத்தினால் மட்டும் எல்லாம் கத்தின. கத்துவதற்கு மட்டும் செய்த பெட்டிகள். முகர்ந்து பார்க்கிற மூக்கு அவற்றுக்கு இல்லை.

ஒஸ்மோன் பைகே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "கடவுளே, இதை நம்பி ஒரு நாள் ராத்திரி என் பேரப்பிள்ளைங்களை அந்த ரூம்ல படுக்கவெச்சேன்" என்றார் மெல்ல.

கனிஷாய் சரக்கு அனுப்பிய மொத்த வியாபாரியைக் கூப்பிட்டாள். "பொத்தானை அழுத்துனா சத்தம் வருதா இல்லையா? அப்புறம் என்ன?" என்று அவன் வைத்துவிட்டான்.

வாங்கியவர்கள் யார் என்று அவளுக்கு முழுதாகத் தெரியாது. அந்தச் சரக்கு பெரும்பாலும் ஒரு பொது விற்பனைத் தளம் வழியாகப் போனது. அவர்கள் வாங்குபவரின் நம்பரைக் காட்டமாட்டார்கள். பலர் வாங்கி அக்காவுக்கு, மாமனாருக்கு என்று கொடுத்திருப்பார்கள். மலைமேல் குளிர்கால மேய்ச்சலில் இருக்கிற குடும்பங்களுக்கும் போயிருக்கும்.

"ஓடையில் போடப்போறேன்" என்றாள்.

"கொஞ்சம் யோசி" என்றேன். "நாளைக்கு உங்கிட்ட காலுறைகூட வாங்க மாட்டாங்க. அத்தனை பேருக்கும் பணம் எங்கேயிருந்து குடுப்ப?"

"கார் வாங்க வெச்சிருக்கேன்ல."

"மூணு வருஷமா சேர்த்தது."

"நான் யோசிக்கிற நேரத்துல யாரோ ஒருத்தி அடுப்புல கரி போடுவா தாலாய். பச்சை விளக்கைப் பார்த்துட்டு கதவைச் சாத்துவா. நான்தானே அவளைச் சாத்தச் சொன்னேன்? நம்புங்கன்னு எழுதினது நான்தானே?"

என் கடை முக்காலியில் உட்கார்ந்து எழுதினாள். நான் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கணவாய்ச் செய்தி போடவில்லை.

"இந்தக் குளிர்காலத்தில் என்னிடம் வாங்கிய வெள்ளை அலாரப் பெட்டி வேலை செய்யாது. பொத்தானை அழுத்தினால் கத்தும், வாயு வந்தால் கத்தாது. அதை நம்பாதீர்கள். இதைப் படிக்கும்போது அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் முதலில் கதவைத் திறங்கள். குழாயில் பனி அடைத்திருக்கிறதா பாருங்கள். பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். உடைத்துவிட்டு ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும், பணம் வரும். உங்களுக்குத் தெரிந்தவர்கள் யார் வீட்டில் இது இருந்தாலும் இப்போதே சொல்லுங்கள். தவறு என்னுடையது. கனிஷாய்."

கீழே மீன்தொட்டிக்குள் இரண்டு பெட்டிகளையும் வைத்து எடுத்த படத்தைச் சேர்த்தாள்.

"படம் அனுப்பினா பணமா?" என்றார் ஒஸ்மோன் பைகே. "ஒரே பெட்டியை உடைச்சு ஊரே படம் அனுப்பும். பைத்தியமா உனக்கு?"

"அனுப்பட்டும் பைகே. பெட்டி உடைஞ்சா சரி."

அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் இன்றுவரை சாதாரணமாக நினைக்க முடியவில்லை. நான் பார்சல்காரன். ஒரு பொருள் இங்கிருந்து அங்கே போக எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். பனி, பள்ளம், டயர், டிரைவரின் மனநிலை, இத்தனையும் ஒத்துவந்தால்தான் ஒரு காலுறை அட்பாஷி போய்ச் சேரும். அன்றைக்கு, எதிரே வரிசையில் நின்ற டாக்சிகளின் டிரைவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து ஃபோனைப் பார்த்தார்கள். ஒருவன் வண்டியை விட்டு இறங்கி, அம்மாவைக் கூப்பிட்டு, "கதவைத் திற, காரணம் அப்புறம் சொல்றேன்" என்றான். பஜார் நடுவில் இருந்த தேநீர்க் கடை வானொலியில் அறிவிப்பாளர் கனிஷாயின் வரிகளை அப்படியே படித்தார். அவள் எழுதிய சொற்கள் இன்னொருவர் குரலில் கூரைக்கு மேலே கேட்டன. கடைக்குள்ளிருந்த அவள் கெட்டிலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர் இன்னும் கொதிக்கக்கூட இல்லை.

பிறகு படங்கள் வர ஆரம்பித்தன. சுத்தியலுக்கு அடியில் வெள்ளைப் பெட்டி. கோடாலியால் பிளந்த பெட்டி. குதிரைக் குளம்புக்குக் கீழே வைத்து மிதிக்கவிட்ட பெட்டி. நான் பெயர் மட்டுமே கேட்டிருந்த ஊர்களிலிருந்து, இத்தனை மலைக்கும் அப்பாலிருந்து வந்த ஒவ்வொரு படத்திலும் பின்னால் ஒரு வீட்டின் திறந்த கதவு. அதன் வழியே பனி வெளிச்சம். ஒரே சமயத்தில் அத்தனை கதவுகளை அவள் திறந்துவிட்டிருந்தாள்.

அப்போதுதான் அசில்கானின் செய்தி வந்தது. அவள் ரஷ்யாவில், எகாடெரின்பர்கில் ஒரு ஓட்டலில் துப்புரவு வேலை பார்க்கிறவள். வேலைக்கு நடுவே ஓடையைப் பார்த்திருக்கிறாள். அதற்குக் கீழே எழுதினாள்: "அர்பா மேய்ச்சலில் என் அம்மா வீட்டில் இந்தப் பெட்டி இருக்கிறது. நான்தான் வாங்கி அனுப்பினேன். அங்கே ஃபோன் எடுக்காது. அர்பா பக்கம் யாராவது போகிறீர்களா?"

அர்பா பாதை புயலில் மூடிக் கிடந்தது. என் டிரைவர்களில் ஒருவன்கூட அங்கே போக முடியாது. அவள் அசில்கானின் வரிகளை எடுத்துத் தன் ஓடையிலேயே மறுபடி போட்டாள். அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை. ஒஸ்மோன் பைகே ஊருக்குத் திரும்ப வேண்டியவர், டாக்சி போனபிறகும் முக்காலியை விட்டு எழவில்லை.

மீதியை எர்மெக் பிறகு வந்து சொன்னான். அவன் எல்லைப் பாதையில் பனி தள்ளுகிற வண்டியின் டிரைவர். மலைப் பாதையில் ஒரு வளைவு இருக்கிறது, அங்கே மட்டும் ஃபோனுக்குச் சிக்னல் வரும். எல்லா வண்டிகளும் அங்கே நிற்கும். எர்மெக்கும் தேநீர் குடிக்க நிறுத்தினான். ஃபோன் விடாமல் துடித்தது. டாக்சிக்காரர்கள் குழுவில் முதலில் கனிஷாயின் அறிவிப்பு, அடுத்து அசில்கானின் கேள்வி.

"அந்தப் பார்சலை நான்தான் போன மாசம் கொண்டுபோய்க் குடுத்தேன்" என்றான் எர்மெக். "அசில்கானோட அம்மா புருல் எஜே வீடு. எனக்குக் கயிமாக் பாலேடு தடவி ரொட்டி குடுத்தாங்க. நான்தான் ஆணி அடிச்சு மாட்டிவிட்டேன்."

ரோட்டை விட்டு வண்டியைத் திருப்பினான். யாரிடமும் கேட்கவில்லை. அவன் வண்டி போனால்தான் பாதை என்பதால், போகிற வழியெல்லாம் பாதை ஆனது. வீடு கூரைவரை பனிக்குள் இருந்தது. புகைக்குழாயின் வாயில் பனி தொப்பி போட்டதுபோல் உறைந்திருந்தது. புகை வரவில்லை. நாய் மட்டும் வெளியே நின்று முனகிக்கொண்டிருந்தது.

"கதவைத் தட்டுனேன். ரொம்ப நேரம் கழிச்சு புருல் எஜே திறந்தாங்க. சுவரைப் பிடிச்சுட்டு நிக்கிறாங்க. 'உள்ள வா எர்மெக், எல்லாருக்கும் வயித்துக்கு ஆகலை, கறி கெட்டுப்போயிருக்கும் போல'ன்னாங்க. பிள்ளைங்க வாந்தி எடுத்துட்டுப் படுத்திருக்கு. வீட்டுக்காரர் எழுப்புனா எழுந்திருக்கலை. சுவர்ல பெட்டி, பச்சை விளக்கு."

ஒவ்வொருவராகத் தூக்கி வந்து வண்டியின் அறைக்குள் திணித்தான். சன்னலைத் திறந்துவிட்டு, கணப்பை முழுதாக வைத்து, அட்பாஷி ஆஸ்பத்திரிவரை ஓட்டினான். வளைவு வந்ததும் வண்டியை நிறுத்தாமலே அசில்கானின் கேள்விக்குக் கீழே ஒரே ஒரு வரி அனுப்பினான்.

அந்த வரி கனிஷாயின் ஃபோனுக்கும் அசில்கானின் ஃபோனுக்கும் ஒரே சமயத்தில் விழுந்திருக்கும். "அஞ்சு பேரும் மூச்சு விடறாங்க."

கனிஷாய் ஃபோனை என்னிடம் நீட்டி, "நீ படி" என்றாள். படித்தேன். "இன்னொரு தடவை படி" என்றாள். ஒஸ்மோன் பைகே சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

எல்லோரும் பிழைத்தார்கள். வீட்டுக்காரருக்குக் கை நடுக்கம் மட்டும் கொஞ்ச நாள் இருந்தது.

பணம் கொடுக்கிற வேலை அதற்குப் பிறகு வாரக்கணக்கில் நடந்தது. ஒஸ்மோன் பைகே தன்னைத்தானே வேலைக்கு வைத்துக்கொண்டார். வாரத்தில் பாதி நாள் வந்து உட்கார்ந்து, வருகிற படங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆராய்வார்.

"இவனைப் பாரு. இது அலாரமே இல்லை, சோப்புப் பெட்டி. சோப்புப் பெட்டியை உடைச்சு அனுப்பியிருக்கான்."

"குடுத்துருங்க பைகே."

"சோப்புக்கா?"

"சரி, சோப்புக்கு வேண்டாம்."

அப்படிப்பட்டவர்கள் சிலர்தான். நிறையப் பேர் படத்தை அனுப்பிவிட்டு, பணம் வேண்டாம், நல்ல பெட்டி வந்ததும் அனுப்பு என்று எழுதினார்கள். வேறு கடைகளில் அதே பெட்டியை வாங்கியவர்களும் உடைத்துப் படம் அனுப்பினார்கள், பணத்துக்காக அல்ல, அவளுக்குத் தெரிய வேண்டும் என்று. கார்ப் பணம் கரைந்தது உண்மை. ஆனால் முழுதும் கரையவில்லை. இப்போது வருகிற ஒவ்வொரு பெட்டியையும் அவள் மீன்தொட்டிக்குள் வைத்து அலறவிட்டுத்தான் விற்கிறாள். பஜார் நாய்களுக்கு அது பழகிவிட்டது.

பனி இளகி அர்பா பாதை திறந்ததும், புருல் எஜே ஆளிடம் சொல்லி அனுப்பினார், வரச்சொல்லி. எர்மெக்கின் வண்டியில் நானும் கனிஷாயும் போனோம். இத்தனை வருஷம் வியாபாரம் செய்தவள், தன் பார்சல் போய்ச் சேருகிற இடம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. வீட்டு வாசலில் இறங்கிச் சுற்றும் பார்த்தாள். ஒரு கம்பம் இல்லை, ஒரு கம்பி இல்லை. புல்லும், அதற்கு மேலே மலையும், அதற்கு மேலே இன்னொரு மலையும்.

"இங்கேயா வந்துச்சு?" என்றாள் என்னிடம், கிசுகிசுப்பாக. "நான் உன் கடையில உக்காந்து எழுதினது இங்கேயா வந்துச்சு?"

புருல் எஜே கையைத் துடைத்துக்கொண்டே வந்து அவளைக் கட்டிக்கொண்டார். உள்ளே விரிப்பில் ரொட்டி, வெண்ணெய், வேகவைத்த ஆட்டுக்கறி. வீட்டின் சின்னப் பெண், ஐந்து வயதிருக்கும், கதவோரம் நின்று கனிஷாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிட்டே வந்து அவள் முழங்கையை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"நீங்க ஃபோனுக்குள்ள இருக்கிறவங்களா?"

"இல்லடி தங்கம். நாரின்ல இருக்கேன். பஜார்ல."

"அப்ப எங்க வீட்டுக் கதவைத் திறக்கச் சொன்னது யாரு?"

கனிஷாய் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ரொட்டியைப் பிட்டு அந்தப் பிள்ளை வாயில் வைத்தாள், தானும் ஒரு துண்டு வைத்துக்கொண்டாள். இருவரும் மென்றுகொண்டே திறந்திருந்த வாசல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.